வகுப்பில் பிள்ளைகள் கேள்வி கேட்க: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பயிற்சி நாட்களின் தேநீர் இடைவேளையில் சக ஆசிரியர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள அரசுப் பள்ளிகளையும் அரசு உதவி பெறும் பள்ளிகளையும் மனத்தில் வைத்து எழுதிய பதில்கள் இவை. நான் அறிவியல் நடத்துபவன் என்பதால் எடுத்துக்காட்டுகள் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும். மற்ற பாட ஆசிரியர்கள் தங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

"சந்தேகம் இருக்கிறதா?" என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. பிள்ளைகளுக்கு ஆர்வமே இல்லையா?

ஆர்வம் நிறைய இருக்கிறது. பள்ளி விட்டுப் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அதே பிள்ளைகள் தங்களுக்குள் கேட்டுக்கொள்வதைக் கொஞ்சம் காதுகொடுத்துக் கேளுங்கள். சிக்கல் நாம் கேட்கும் அந்த ஒற்றை வரியில் இருக்கிறது.

அந்த வரிக்குப் பதில் சொல்ல வேண்டுமானால், தனக்கு எது புரியவில்லை என்று ஒரு பிள்ளை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு அதை வாக்கியமாக்க வேண்டும். பிறகு நாற்பது பேர் முன்னால் எழுந்து நின்று "எனக்குப் புரியவில்லை" என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இத்தனையையும் மணி அடிக்க அரை நிமிடம் இருக்கும்போது கேட்கிறோம். பெரியவர்களே இதைச் செய்வதில்லை. பயிற்சியில் கருத்தாளர் இதே கேள்வியைக் கேட்கும்போது நம்மில் எத்தனை பேர் கை தூக்குகிறோம்?

அதற்குப் பதிலாக, பாடத்தின் நடுவில் நிறுத்தி, "இந்தப் பக்கத்தில் உங்களைக் குழப்பிய ஒரு வரியைப் பென்சிலால் கோடிடுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். எல்லோரும் கோடிட்டாக வேண்டும். "எனக்கு எல்லாம் புரிந்தது" என்ற வழியே கிடையாது. ஒரு நிமிடம் கழித்து, "பக்கத்தில் இருப்பவர் எந்த வரியைக் கோடிட்டிருக்கிறார் என்று பாருங்கள்" என்று சொல்லுங்கள். இருவரும் ஒரே வரியைக் கோடிட்டிருந்தால் பாதிப் பயம் அங்கேயே போய்விடும். அதன்பின் "எந்த வரி?" என்று கேட்டால் கைகள் உயரும். கோடிட்ட வரியை வாசிப்பதற்குப் பெரிய துணிச்சல் தேவையில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். "இதுகூடத் தெரியாதா?", "நேற்றுத்தானே நடத்தினேன், கவனம் எங்கே இருந்தது?" என்ற இரண்டு வாக்கியங்களில் ஒன்றை ஒரு முறை சொன்னாலே போதும், அந்த வகுப்பு மாதக்கணக்கில் மூடிக்கொள்ளும். கேட்ட பிள்ளையைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்கும்போது நாம் பேசாமல் இருந்தாலும் அதே விளைவுதான். "அருமையான கேள்வி!" என்று சிலரை மட்டும் புகழ்வதையும் நான் தவிர்க்கிறேன். புகழப்படாதவர்கள் தங்கள் கேள்வியை மட்டமாக எடைபோட்டுவிடுகிறார்கள். கேள்வியைக் கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் அந்தப் பிள்ளையின் பெயரையும் எழுதுங்கள். அதைவிடப் பெரிய மரியாதை தேவையில்லை.

நான் கேள்வி கேட்டாலும் பதில் வருவதில்லை. எவ்வளவு நேரம் காத்திருப்பது?

மூன்று நொடியாவது. சிரிப்பாகத் தோன்றலாம், ஆனால் இது அளந்து கண்டறிந்த விஷயம். அமெரிக்காவின் அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ, 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை எடுத்துவைத்துக்கொண்டு, ஆசிரியர் கேள்வி கேட்டு முடித்ததிலிருந்து மறுபடி வாய் திறக்கும் வரை எவ்வளவு நேரம் விடுகிறார் என்று கணக்கெடுத்தார். சராசரியாக ஒரு நொடிதான் விட்டார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, பதிலே வராத இடங்கள் குறைந்தன, பிள்ளைகள் தாங்களாகக் கேட்ட கேள்விகள் கூடின. மெல்லக் கற்பவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களும் பேசத் தொடங்கினார்கள்.

ரோ இரண்டு இடைவெளிகளைப் பற்றிப் பேசினார். கேள்விக்குப் பின் வருவது முதலாவது. பிள்ளை பதில் சொல்லி முடித்த பின் வருவது இரண்டாவது. எனக்கு இரண்டாவதுதான் முக்கியமாகப் படுகிறது. பிள்ளை ஒரு வரி சொன்னதும் நாம் "சரி, உட்கார்" என்று பாய்ந்துவிடுகிறோம். அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு மூன்று நொடி நின்றால், "ஆனா சார்..." என்று அதே பிள்ளை தொடரும். அந்த "ஆனா"வுக்குப் பின்னால் வருவதுதான் அதன் உண்மையான யோசனை.

காத்திருப்பது கடினமாக இருந்தால், "முப்பது நொடிக்கு யாரும் கை தூக்கக் கூடாது" என்று அறிவித்துவிட்டு ஜன்னல் வரை நடந்து போய்த் திரும்புங்கள். முதல் பெஞ்சில் தயாராக இருக்கும் அந்த இரண்டு கைகளும் அடங்கும். மற்றவர்களுக்கு யோசிக்க நேரம் கிடைக்கும்.

ஒரு பாடவேளை நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம். ஐம்பது பிள்ளைகள். பாடத்தை முடிப்பதா, கலந்துரையாட விடுவதா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களைச் சோம்பேறிகள் என்று பேசும் கருத்தாளர்கள் இருக்கிறார்கள். அது அநியாயம். திருப்புதல் தேர்வுத் தேதி தலைக்கு மேல் நிற்கிறது. தேர்ச்சி விழுக்காட்டுக்குக் கணக்குக் கேட்கிறார்கள். நெருக்கடி உண்மையானது.

ஆனால் நேரம் எங்கே போகிறது என்றும் பார்ப்போம். பல வகுப்புகளில் பாடவேளையின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வது பாடம் கிடையாது. வினா விடைகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பிள்ளைகளைப் பார்த்து எழுதச் சொல்வதுதான். புத்தகத்திலேயே அச்சாகியிருக்கும் வரியை நாம் பலகைக்கு மாற்ற, பிள்ளை அதை நோட்டுக்கு மாற்றுகிறது. இதில் பத்து நிமிடத்தை மீட்டாலே போதும். முழுப் பாடவேளையையும் மாற்றத் தேவையில்லை.

அந்தப் பத்து நிமிடத்துக்கு ஏற்ற எளிய வழி, மேரிலாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிராங்க் லைமன் 1981இல் எழுதிவைத்த முறை. முதலில் தனியாக யோசிப்பது, பிறகு ஜோடியாகப் பேசுவது, பிறகு வகுப்புக்குச் சொல்வது. ஐம்பது பேர் வகுப்பில் கை தூக்கச் சொன்னால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ஜோடியாகப் பேசவிட்டால் அதே நேரத்தில் இருபத்தைந்து பேர் பேசுகிறார்கள். பெஞ்சைக்கூட நகர்த்த வேண்டாம். தனியாக யோசிக்கும் அந்த ஒரு நிமிடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். விட்டால் ஜோடியில் கெட்டிக்காரப் பிள்ளை சொல்வதை மற்றது தலையாட்டி ஏற்றுக்கொள்ளும்.

பேசிக்கொள்ளச் சொன்னால் சினிமாவைப் பற்றிப் பேசுகிறார்கள். எப்படிப்பட்ட கேள்வியைக் கொடுத்தால் பாடத்தைப் பற்றிப் பேசுவார்கள்?

ஒரே வரியில் விடை முடிந்துவிடும் கேள்வியைக் கொடுத்தால் பத்து நொடியில் பேச்சு தீர்ந்துவிடும், அப்புறம் சினிமாதான். வகுப்பை இரண்டாகப் பிளக்கும் கேள்வி வேண்டும். பாதிப் பேர் ஒரு விடையையும் பாதிப் பேர் வேறு விடையையும் உறுதியாக நம்ப வேண்டும்.

நான் அடிக்கடி பயன்படுத்தும் ஒன்று இது: "பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது எந்த மாதம்? மே மாதமா, ஜனவரி மாதமா?" வகுப்பில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் மே என்பார்கள். கத்திரி வெயிலில் வெந்தவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? விடை ஜனவரி. ஜனவரி முதல் வாரத்தில், மார்கழிக் குளிரில் நாம் போர்வையைத் தேடும் நாட்களில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருகிறது: ஏறத்தாழ 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலைத் தொடக்கத்தில் 15.2 கோடி கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுகிறது.

விடையை உடனே சொல்லிவிடாதீர்கள். முதலில் தனியாக முடிவெடுத்து, மற்றவர் பார்க்காதபடி மார்பருகே விரலைக் காட்டச் சொல்லுங்கள்: மே என்றால் ஒரு விரல், ஜனவரி என்றால் இரண்டு. பிறகு வேறு விரல் காட்டிய ஒருவரைத் தேடிப் பிடித்து வாதாடச் சொல்லுங்கள். யாராவது ஒரு பிள்ளை நிச்சயம் கிரிக்கெட்டைக் கொண்டுவரும்: "ஜனவரியில சிட்னியில டெஸ்ட் மேட்ச் நடக்கும்போது அங்க நல்ல வெயில் அடிக்குதே?" அப்படி யாரும் சொல்லாவிட்டால் நீங்களே போட்டுவிடுங்கள். அருகில் இருப்பதுதான் வெயிலுக்குக் காரணம் என்றால் ஒரே நேரத்தில் இங்கே குளிரும் அங்கே வெயிலும் எப்படி வரும்? இந்த இடத்தில் வகுப்பு தானாகப் பூமியின் அச்சுச் சாய்வை நோக்கி நகரும். 23.5 பாகை என்ற எண் புத்தகத்தில் முன்பே இருந்தது. இப்போது அது பிள்ளைகளுக்குத் தேவைப்படுகிறது. கடைசியில் மறுபடி விரல் காட்டச் சொல்லுங்கள்.

இந்த முறைக்கு வழி வகுத்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர். கணக்கைச் சரியாகப் போடும் தன் மாணவர்களுக்கு அடிப்படைக் கருத்து பிடிபடவில்லை என்பதை ஓர் எளிய சோதனையில் கண்டு அதிர்ந்து, 1991 முதல் விரிவுரையை இப்படி மாற்றத் தொடங்கினார். கிட்டத்தட்ட எல்லோரும் சரியாகச் சொல்லும் கேள்வியையோ, கிட்டத்தட்ட எல்லோரும் தவறாகச் சொல்லும் கேள்வியையோ பேசவிட்டுப் பயனில்லை என்பது அவர் அனுபவம். முதலாவதில் பேச ஒன்றுமில்லை. இரண்டாவதில் நாம் மறுபடி நடத்த வேண்டும்.

வேறு சில: பனிக்கட்டி மிதக்கும் தம்ளரில் நீர் விளிம்பு வரை இருக்கிறது, கட்டி உருகினால் வழியுமா? (வழியாது.) இரும்பு ஆணி மூழ்குகிறது, இரும்புக் கப்பல் ஏன் மிதக்கிறது?

பிள்ளைகளே கேள்விகளை உருவாக்க வேண்டும் என்கிறீர்கள். அதற்குப் பயிற்சி உண்டா?

உண்டு. எனக்குத் தெரிந்ததில் மிகத் தெளிவானது, அமெரிக்காவின் "ரைட் குவெஸ்சன் இன்ஸ்டிட்யூட்" வகுத்த முறை. அதன் சிறப்பு, ஆசிரியர் கேள்வி கேட்பதில்லை. ஒரு வாக்கியத்தையோ படத்தையோ பலகையில் போட்டுவிட்டு விலகிக்கொள்கிறார். நான்கு விதிகள்தான்: முடிந்த அளவு கேள்விகளை எழுப்ப வேண்டும், நடுவில் எந்தக் கேள்விக்கும் விடை சொல்லவோ, அதை விமர்சிக்கவோ கூடாது, கேட்டதைக் கேட்டபடியே எழுத வேண்டும், கேள்வியாக இல்லாததைக் கேள்வியாக மாற்ற வேண்டும்.

எட்டாம் வகுப்பில் நீர் பற்றிய பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகையில் இப்படி எழுதுங்கள்: "ஊர் ஏரியில் தண்ணீர் இருக்கிறது. பக்கத்துக் கிணறு வற்றிவிட்டது." ஐந்து பேர் கொண்ட குழு, ஐந்து நிமிடம், ஒருவர் எழுதுபவர். கிணறு எவ்வளவு ஆழம்? ஏரித் தண்ணீர் மண்ணுக்குள் இறங்குமா? ஏரியில் களிமண் படிந்திருக்கிறதா? சுற்றிலும் எத்தனை ஆழ்துளைக் கிணறுகள் இருக்கின்றன? ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, மழையா ஆலைக் கழிவா? இப்படி வந்துகொண்டே இருக்கும்.

அதன் பின்னர்தான் முக்கியமான வேலை. ஆம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்விகளுக்கு ஒரு குறி, விளக்கம் கேட்கும் கேள்விகளுக்கு வேறு குறி போடச் சொல்லுங்கள். ஒரு வகையை மற்ற வகையாக மாற்றச் சொல்லுங்கள். "தண்ணீர் மண்ணுக்குள் இறங்குமா?" என்பது "எந்த மண்ணில் தண்ணீர் வேகமாக இறங்கும்?" என்று மாறும்போது அது ஒரு சோதனையாகிவிடுகிறது. மூன்று பிளாஸ்டிக் பாட்டில்கள், மணல், களிமண், செம்மண், ஒரு கடிகாரம் இருந்தால் போதும். கடைசியாக ஒவ்வொரு குழுவும் தனக்கு முக்கியமான மூன்று கேள்விகளைத் தேர்ந்தெடுத்து, ஏன் அவை என்று சொல்ல வேண்டும்.

இரண்டாவது விதிதான் நமக்குக் கடினம். ஒரு பிள்ளை கேள்வி கேட்டதும் விடை சொல்லிவிடத் துடிக்கும் நம் நாக்கை அந்த ஐந்து நிமிடம் அடக்கிவைக்க வேண்டும்.

எனக்கே விடை தெரியாத கேள்வி வந்தால் என்ன செய்வது? மானம் போகாதா?

பல்லி சுவரிலிருந்து ஏன் விழுவதில்லை என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை கேட்கும். அதன் விரலடியில் உள்ள நுண்மயிர்களுக்கும் சுவருக்கும் இடையே மூலக்கூறு அளவில் செயல்படும் ஈர்ப்பே காரணம் என்பது ஆய்வாளர்களுக்கே 2000ஆம் ஆண்டை ஒட்டித்தான் தெளிவானது. இதற்கு உடனே விடை தெரியவில்லை என்பதால் யாருடைய மானமும் போகாது.

இந்த இடத்தில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் (இன்று நர்மதாபுரம்) மாவட்டத்தை நினைவுகூர வேண்டும். கிஷோர் பாரதி, ரசூலியாவில் இருந்த நண்பர்கள் ஊரக மையம் என்ற இரு தன்னார்வ அமைப்புகள், 1972இல் அங்கே 16 நடுநிலைப் பள்ளிகளில் அறிவியலைச் சோதனை வழியே கற்பிக்கத் தொடங்கின. 1982இல் உருவான ஏகலவ்யா அமைப்பு அதை மேலும் பல மாவட்டங்களுக்குக் கொண்டுசென்றது. அந்தத் திட்டத்தில் சவாலிராம் என்று ஒரு கற்பனைப் பாத்திரம் உண்டு. பிள்ளைகள் தங்கள் மனத்தில் எழும் எந்தக் கேள்வியையும் சவாலிராமுக்குக் கடிதமாக எழுதலாம். பதில் கடிதம் வரும். ஆசிரியரால் எல்லாவற்றுக்கும் விடை சொல்ல முடியாது என்பதை முதலிலேயே ஏற்றுக்கொண்டு, கேள்வி போய்ச் சேர ஓர் இடத்தை உருவாக்கினார்கள். அதுதான் அதன் அழகு. திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. இந்தியப் பள்ளிக் கல்விக்கு அது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன்.

நம் வகுப்பிலும் அப்படி ஓர் இடம் வேண்டும். சுவரில் ஒரு சார்ட் ஒட்டி, "விடை தேடிக்கொண்டிருக்கும் கேள்விகள்" என்று தலைப்பிடுங்கள். "தெரியவில்லை, தேடிப் பார்க்கிறேன், நீயும் தேடு" என்று சொல்லி அதில் எழுதுங்கள். ஆனால் ஒரு வாரத்துக்குள் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் அது கேள்விகளைப் புதைக்கும் இடம் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும்.

பாடத்துக்குச் சம்பந்தமில்லாமல், வேண்டுமென்றே கேட்பவர்களை எப்படிச் சமாளிப்பது?

அதே சார்ட்டில் எழுதுங்கள். உண்மையான கேள்வி என்றால் அங்கே பிழைத்துக்கொள்ளும். குறும்பு என்றால், சிரிப்பு கிடைக்காததால் இரண்டு வாரத்தில் நின்றுவிடும்.

சிலர் மட்டுமே பேசுகிறார்கள். பெண் பிள்ளைகளும் கடைசி பெஞ்சும் அமைதியாகவே இருக்கிறார்கள்.

யார் பேசுகிறார்கள் என்பதை ஒரு பாடவேளை மட்டும் தாளில் குறித்துப் பாருங்கள். வகுப்புப் பட்டியலில் பேசியவர் பெயருக்கு நேரே ஒரு கோடு, அவ்வளவுதான். பெரும்பாலும் ஆறேழு பெயர்களிலேயே கோடுகள் குவிந்திருக்கும். நாம் நிற்கும் இடத்திலிருந்து நம் கண் எங்கே போகிறது என்பதும் அதில் தெரியும்.

ஜோடியாகப் பேசிய பிறகு தனி ஆளை எழுப்பாமல், "உங்கள் ஜோடி என்ன நினைத்தது?" என்று கேளுங்கள். தவறினால் அது இருவரின் தவறு என்பதால் பயம் குறைகிறது. எழுப்பப்பட்ட பிள்ளை "அப்புறம் சொல்றேன் டீச்சர்" என்று சொல்லவும் உரிமை வேண்டும், நாம் மறக்காமல் அப்புறம் திரும்பிக் கேட்கவும் வேண்டும்.

இருக்கையைப் பற்றிப் பேசாமல் இதைப் பேச முடியாது. 2025 ஜூலையில் "ப" வடிவில் பிள்ளைகளை உட்காரவைப்பது பற்றித் தமிழகம் முழுக்கப் பேச்சு எழுந்தது. ஐம்பது பேர் இருக்கும் சிறிய அறையில் அது நடக்காது. ஓரத்தில் இருப்பவர்களுக்குக் கழுத்துவலிதான் மிஞ்சும். இருக்கும் வரிசையிலேயே வாரந்தோறும் இடம் மாற்றினால் போதும். ஆனால் யார் யாரோடு உட்காருகிறார்கள் என்பதைப் பிள்ளைகளிடமே விட்டுவிடாதீர்கள். ஊரில் உள்ள சாதிப் பிரிவு அப்படியே பெஞ்சுக்கு வந்துவிடும். ஜோடியாகப் பேசுவதும் அந்தக் கோட்டைத் தாண்டாது. கல்வி நிலையங்களில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அமைத்த நீதியரசர் கே. சந்துரு ஒருநபர் குழு 2024இல் அளித்த அறிக்கையில் மாணவர்களை அகர வரிசைப்படி அமர்த்தப் பரிந்துரைத்தது. கற்பித்தல் நோக்கில் பார்த்தாலும் அது சரியான யோசனை.

வாய்விட்டுக் கேட்க முடியாத கேள்விகளுக்கு ஒரு பெட்டி வேண்டும். பழைய செருப்பு அட்டைப்பெட்டி போதும், பெயர் எழுதத் தேவையில்லை. எட்டாம் வகுப்பில் வளரிளம் பருவம் பற்றிய பாடம் வரும்போது அந்தப் பெட்டி நிறைவதைப் பார்ப்பீர்கள். வகுப்பில் அமைதியாக இருக்கும் பெண் பிள்ளைகளின் கேள்விகள் அதில் இருக்கும். வெள்ளிக்கிழமை கடைசிப் பத்து நிமிடத்தில் அவற்றுக்கு நேர்மையாக, வெட்கப்படாமல் விடை சொல்லுங்கள்.

செயல்வழிக் கற்றல், படைப்பாற்றல் கல்வி என்று எல்லாம் வந்து போய்விட்டதே. இது மட்டும் நிலைக்குமா?

நியாயமான சலிப்பு. ஆந்திரத்தின் ரிஷி வேலிப் பள்ளியின் அனுபவத்தைப் பார்த்து, சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08இல் மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்கு வந்தது. கற்க வேண்டிய வரிசையைக் காட்டும் ஏணிப்படி, பிள்ளை ஒவ்வொன்றாகச் செய்துமுடிக்கும் பாட அட்டைகள், பிள்ளைகள் உயரத்தில் கரும்பலகை, தரையில் உட்கார்ந்த ஆசிரியர் என்று அது கொண்டுவந்த மாற்றம் சிறியதில்லை. ஆசிரியரின் பிரம்பும் நாற்காலியும் ஒரே நேரத்தில் பின்னுக்குப் போயின. அடுத்த வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி வந்தது: படித்தல், பாடக் கருத்துகளைக் கிளைகளாக வரையும் மனவரைபடம், தொகுத்தல் என்று வரிசையாகப் படிகள்.

என் கணிப்பில் இரண்டுக்கும் ஒரே குறை. பிள்ளை தன் வேகத்தில் போகலாம், ஆனால் போகும் பாதையை அட்டை முன்பே முடிவுசெய்திருந்தது. பிள்ளையின் சொந்தக் கேள்விக்கு அங்கே அட்டை இல்லை. மனவரைபடமோ, எந்தப் பாடமானாலும் எந்த நாளானாலும் வரைந்தாக வேண்டிய சடங்காகிவிட்டது. அலுவலர் வருகிறார் என்றால் சுவர் முழுக்க வரைபடங்கள் தொங்கும். நல்ல முறையைக் கட்டாயப் படிவமாக்கினால் அது செத்துவிடும். நான் இங்கே சொல்பவற்றையும் யாராவது பதிவேடாக மாற்றினால் இவையும் செத்துவிடும்.

நம் மரபே ஆசிரியர் சொல்ல மாணவர் கேட்பதுதானே?

பாதி உண்மை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் முன்னுரையான பொதுப்பாயிரம், சித்திரப் பாவைபோல் அடங்கி, செவியே வாயாகக் கேட்கும் மாணவனைச் சொல்கிறது. பள்ளிக்கூடங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. ஆனால் அடுத்த சூத்திரத்திலேயே "வினாதல் வினாயவை விடுத்தல்" என்று, கேள்வி கேட்பதையும் கேட்கப்பட்டதற்கு விடை சொல்வதையும் மாணவன் கடனாகச் சொல்கிறார் பவணந்தி. அதன்பின் ஒரு கணக்கும் போடுகிறார்: ஆசான் சொல்வதை நன்றாகக் கேட்டாலும் கிடைப்பது கால் பங்கு, உடன் பயில்வோரோடு பழகிப் பெறுவது இன்னொரு கால், பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வருவது மீதி அரை. ஜோடியாகப் பேசுவதற்கு இதைவிடப் பழைய சான்று எனக்குத் தேவையில்லை.

அதே நூல் வினாவை ஆறு வகையாகப் பிரிப்பது பத்தாம் வகுப்புத் தமிழில் எல்லோரும் படித்ததுதான். விடை தெரிந்தவர் கேட்பது அறிவினா. தெரியாதவர் கேட்பது அறியா வினா. இரண்டில் எது என்று தடுமாறிக் கேட்பது ஐய வினா. நம் வகுப்பறைகளில் ஒலிப்பதில் ஏறக்குறைய எல்லாமே அறிவினா. மற்ற இரண்டும் பிள்ளைகள் பக்கத்திலிருந்து வர வேண்டும்.

வகுப்பில் சத்தம் அதிகமாகிறது. தலைமை ஆசிரியர் எட்டிப் பார்க்கிறார்.

முதல் நாளே அவரிடம் சொல்லிவையுங்கள். முடிந்தால் உள்ளே அழைத்து ஒரு குழுவோடு உட்காரவையுங்கள். நிறுத்துவதற்கு ஒரு சைகையைப் பிள்ளைகளோடு பேசி முடிவுசெய்யுங்கள். நீங்கள் கை உயர்த்தினால் பார்த்தவர்கள் எல்லோரும் கை உயர்த்தி வாய்மூடுவது போதுமானது. சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது: கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 29ஆம் பிரிவு, செயல்பாடு, கண்டறிதல், தேடல் வழியே கற்பதையும், பிள்ளை அச்சமின்றித் தன் கருத்தைச் சொல்வதையும் வெளிப்படையாகக் கேட்கிறது.

ஆங்கில வழிப் பிரிவில் பிள்ளைகள் ஆங்கிலத்தில் கேட்கத் தயங்குகிறார்கள்.

தமிழில் கேட்கட்டும். வீட்டில் பேசும் வட்டார வழக்கிலேயே கேட்கட்டும். கேள்வி பிறக்கும் நேரத்தில் மொழியைத் திருத்தினால் கேள்வி போய்விடும். பலகையில் எழுதும்போது ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளலாம்.

பிள்ளைகளே "நீங்களே நடத்திடுங்க சார், அப்பதான் புரியுது" என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரிதானே?

அவர்களுக்கு அப்படித் தோன்றுவது உண்மை. ஹார்வர்டில் இயற்பியல் வகுப்புகளில் நடத்தி 2019இல் வெளியான ஆய்வு ஒன்று இதையே அளந்தது. நன்றாக விரிவுரை கேட்டவர்கள் தாங்கள் அதிகம் கற்றதாக உணர்ந்தார்கள். தாங்களே முயன்று பார்த்தவர்கள் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். தேர்வு வைத்தபோது முயன்றவர்களே அதிகம் கற்றிருந்தார்கள். தெளிவான விரிவுரை வழுக்கிக்கொண்டு போகும். அந்தச் சுகத்தைப் புரிதல் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. இதைப் பிள்ளைகளிடமே சொல்லிவிடுங்கள். திணறுவது மோசமான அறிகுறி இல்லை என்று தெரிந்தால் பொறுத்துக்கொள்வார்கள்.

மதிப்பெண் குறையாதா? பத்தாம் வகுப்பில் இதையெல்லாம் செய்யலாமா?

2014இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டுமே கேட்ட வகுப்புகளில் ஏறத்தாழ 34 விழுக்காட்டினர் தோற்றார்கள். பங்கேற்றுக் கற்ற வகுப்புகளில் அது 22 விழுக்காடு. இவை கல்லூரி அறிவியல், கணித வகுப்புகள் என்பதை மறக்க வேண்டாம். நம் பொதுத்தேர்வுக்கு அப்படியே பொருத்திப் பேச மாட்டேன். ஆனால் புத்தகத்தின் பின்பக்க வினாக்களைத் தாண்டி, பாடத்தின் உள்ளிருந்து வரும் ஒரு மதிப்பெண் வினாவில் நம் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று ஒவ்வொரு ஆசிரியருக்கும் தெரியும். கருத்தைத் தன் சொற்களில் ஒருமுறையாவது சொல்லிப் பார்த்த பிள்ளைக்கு அங்கே கைப்பிடி கிடைக்கிறது.

ஹோஷங்காபாத்தில் தேர்வையே மாற்றினார்கள். புத்தகத்தையும் நோட்டையும் தேர்வறைக்குக் கொண்டுபோகலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. அது நம் கையில் இல்லை. வகுப்புத் தேர்வு நம் கையில்தான் இருக்கிறது. பிள்ளைகள் கேட்ட ஒரு கேள்வியை, கேட்டவர் பெயரோடு, அடுத்த வகுப்புத் தேர்வின் வினாத்தாளில் வையுங்கள். அதற்கடுத்த வாரம் எத்தனை கேள்விகள் வருகின்றன என்று பாருங்கள்.

ஆய்வகம் இல்லை, கருவி இல்லை. கேள்விக்கு விடை தேட எங்கே போவது?

ஒரு குச்சி போதும். தமிழகத்தில் ஆண்டுக்கு இரண்டு நாட்கள் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருவதால் நேராக நட்ட குச்சியின் நிழல் அதன் அடியிலேயே மறைந்துவிடும். பெரும்பாலான ஊர்களில் ஒன்று ஏப்ரலிலும் மற்றொன்று ஆகஸ்டிலும் வரும். ஊருக்கு ஊர் தேதி மாறும். ஏப்ரல் தொடக்கத்திலிருந்து தினமும் நண்பகலில் நிழலின் நீளத்தை அளந்து எழுதச் சொல்லுங்கள். நம் ஊருக்கு எந்த நாள் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். கன்னியாகுமரிப் பள்ளிக்கும் சென்னைப் பள்ளிக்கும் ஏன் வேறு தேதி என்ற கேள்வி தானாக வரும். அங்கிருந்து நேரே அந்த மே, ஜனவரிக் கேள்விக்குப் போய்விடலாம்.

நடுநிலை வகுப்புகளுக்கு 2022இல் தொடங்கிய, அறிவியலையும் கணிதத்தையும் செய்து பார்த்துக் கற்க உதவும் அரசுத் திட்டமான வானவில் மன்றத்தின் கருத்தாளர் உங்கள் பள்ளிக்கு வரும்போது, சார்ட்டில் விடை கிடைக்காமல் நிற்கும் கேள்விகளை அவரிடம் கொடுங்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்தும் "துளிர்" மாத இதழ் 1987 முதல் பிள்ளைகளுக்காகத் தமிழில் அறிவியலைச் சொல்லிவருகிறது. பள்ளி நூலகத்துக்கு வரவழையுங்கள். ஒரு கேள்வி பெரிதாகி, ஊரைச் சுற்றி அளக்கவும் மக்களிடம் கேட்கவும் தேவைப்பட்டால், 1993 முதல் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு அதை ஆய்வாக அனுப்பலாம். உள்ளூர்ச் சிக்கல் ஒன்றை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் குழுவாகச் செய்யும் ஆய்வைத்தான் அங்கே எதிர்பார்க்கிறார்கள். ஏரியில் தண்ணீர் இருந்தும் கிணறு வற்றியது ஏன் என்பது அதற்குப் பொருத்தமான தலைப்பு.